அம்மாவின் இடது பக்கம்

அக்கா தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று, அப்பா வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கேனோல நாலு பேர்தான் உட்காரலாம்" என்றார்.

வேலை சரியில்லை, வயசு சரியில்லை, பையனின் பார்வையே சரியில்லை என்று ஒரு மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க உலகத்துத் தகப்பன்மார்கள் எத்தனையோ காரணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். படகில் இருக்கை போதாது என்று சொன்ன முதல் தகப்பன் எங்களுடையவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை வெறும் சாக்கு என்று நினைத்தால் அப்பாவைத் தெரியாது என்று அர்த்தம். அவருக்குக் குடும்பம் என்பது அந்தப் பச்சைக் கேனோவில் உட்கார்ந்த ஆட்கள். மற்றவர்கள் எல்லாம் பொதுமக்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கார் கூரைமேல் குப்புறக் கவிழ்த்துக் கட்டி ஏரிக்குப் போவோம். அப்பா கார் ஓட்டக் கற்றுத்தருபவர். கார் அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார். முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு, தலைக்கு மேல் கவிழ்ந்த படகு. இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் எங்களை முந்தியதில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து, டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால்கூடச் சோபாவில் உட்கார்ந்தபடியே அப்பாவின் கால் தரையை அழுத்தும். வீட்டிலும் யார் எந்தப் பக்கம் கிளம்பினாலும் அவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. கேனோவில் அவர் இடம் கடைசிப் பலகை. கடைசியில் இருப்பவர்தான் துடுப்பால் படகைத் திருப்புவார். அவருக்கு முன்னால் அக்கா, அவளுக்கு முன்னால் நான், எல்லோருக்கும் முன்னால் அம்மா. உங்கள் குடும்பம் எப்படி என்று யாராவது அப்பாவைக் கேட்டிருந்தால் மூன்று பின்னந்தலைகளைத் துல்லியமாக வர்ணித்திருப்பார்.

வாரம் முழுக்க லெஃப்ட், ரைட் என்று கத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடம், வலம் என்று கத்துவார். அவருக்கு அது விடுமுறை.

கடைசியில் உட்கார்ந்தவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கட்டையா, பாறையா, நகர மறுக்கும் வாத்தா என்று பார்த்துச் சொல்வது அம்மாவின் வேலை. இங்கேதான் ஒரு சிக்கல்.

அம்மா பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்தபடி எதிரே நிற்பவள். இடது பக்கம் கடிங்க என்று அவள் சொன்னால் அது நாற்காலியில் படுத்திருப்பவரின் இடது. அம்மாவுக்கு அது வலது கைப் பக்கம். இப்படியே நின்று நின்று, தன் வலது கைப் பக்கம் இருப்பதெல்லாம் இடது என்று அவள் வாயில் படிந்துவிட்டது. உப்பு இடது அலமாரியில் இருக்கிறது என்பாள். நாங்கள் வலது அலமாரியைத் திறப்போம். உப்பு இருக்கும். படகிலும் அதே கதைதான். முன்பலகையிலிருந்து அம்மா "இடம்" என்றால் நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்காமல் படகை வலப்பக்கம் திருப்புவோம். அவள் நினைத்ததும் அந்தப் பக்கம்தான் என்பதால், தான் சொன்னபடி எல்லாம் நடக்கிறது என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் அப்பா ஒரு தடவை திருத்தப் பார்த்தாராம். ஓர் ஆளைத் திருத்துவதைவிட நாம் திரும்பிக்கொள்வது சுலபம் என்று அன்றே கண்டுகொண்டாராம். அக்காவும் நானும் பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டோம். தாய்மொழி என்ற சொல்லுக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்துகொண்ட பிள்ளைகள் வேறு எங்கும் கிடையாது. தாயிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை.

இப்போது அந்த ஒருவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனபோது உள்ளே அக்கா மாட்டிக்கொண்டாள். வெளியே நின்று பேச்சுக் கொடுத்தபடியே கதவைத் திறந்தவன் அவன். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி நின்றது. ஆபீஸில் எல்லோரும் அவனுடைய வேலைத் திறமையைச் சந்தேகப்பட்டார்கள். அக்காவை யாரும் சந்தேகப்படவில்லை.

நல்ல பையன்தான். ஆனால் திட்டம் போடத் தெரியாதவன். வருங்கால மாமனாரை முன்கூட்டியே வளைத்துப் போடலாம் என்று, தான் யாரென்று சொல்லாமல் அப்பாவிடமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தான். மேலே, கீழே என்று இரண்டு திசையை வைத்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இடமும் வலமும் வீண் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் கிளட்ச்சிலிருந்து மட்டும் காலை எடுக்கமாட்டான். அப்பா அவனுக்குக் 'கிளட்ச்' என்று பெயர் வைத்தார். தினமும் சாப்பாட்டு மேஜையில் அவன் அன்றைக்கு எந்தச் சுவரை நெருங்கினான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் தேர்வில் அவன் கோட்டை விட்ட அன்று சாயங்காலம், அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்தபோதுதான் அக்கா, "அப்பா, அந்தக் கிளட்ச்" என்று ஆரம்பித்தாள். நேரம் பார்த்துப் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ரொட்டியை மென்று, தண்ணீர் குடித்து, நாலு பேர்தான் உட்காரலாம் என்று அப்பா சொன்னது அப்போதுதான்.

கிளட்ச்சுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். அக்காவும் கூடப் போவதாக முடிவு. அவள் வயது வந்தவள். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்று அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"அப்பா சரின்னு சொல்லலைன்னாலும் போவேம்மா. ஆனா அப்படிப் போயிட்டா, அப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாத்தான் வருவேன்."

அம்மா போய் அப்பாவிடம், பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான் என்று சொன்னாள். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். பழக்க தோஷம், அதையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கேனோவைக் கார்மேல் ஏற்றும்போது 'மடக்' என்று ஒரு சத்தம். படகுதான் உடைந்துவிட்டது என்று பதறிப்போய்த் தடவிப் பார்த்தோம். படகுக்கு ஒன்றும் இல்லை. அப்பாதான் பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அக்காவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு மரியாதையாக இல்லை என்று சொல்லி அனுப்பும் பிரிவில் வேலை. ஒரு மறுப்பில் எங்கே ஓட்டை இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெந்நீர்ப் பையின்மேல் மல்லாந்து கிடந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் இந்தப் பாரத்தைத் தூக்க வேண்டாம், கேனோவைக் கொடுத்துவிட்டுக் கயாக்குக்கு மாறிவிடலாம், ஆளுக்கொன்று, இறகு மாதிரி இருக்கும் என்றாள். வலியில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று அவள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வீட்டில் கிடையாது. அப்பா முனகினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

கயாக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனோ திறந்து கிடக்கும் படகு. பேசலாம், சண்டை போடலாம், ஆரஞ்சு உரித்துக் கைமாற்றலாம். கயாக் மூடிய ஒல்லிப் படகு. நடுவில் ஒரு துளை. அதற்குள் இடுப்புவரை நம்மைச் செருகிக்கொண்டு, காலை நீட்டி, இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பால் மாறி மாறித் தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் மடியில் வடியும். ஆளுக்கொரு படகு, ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு நனைந்த மடி. குடும்பம் என்ற ஏற்பாட்டையே ஒழித்துக்கட்ட நினைத்த எவனோதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் படகுக் கொட்டகை வைத்திருக்கும் அம்மாளிடம் அக்கா பேரம் பேசினாள். கேனோவை எடுத்துக்கொண்டு, பழைய கயாக்குகளில் ஒற்றைப் படகு மூன்றும், இரண்டு பேர் உட்காரும் இரட்டைப் படகு ஒன்றும் அந்த அம்மாள் கொடுப்பதாக ஏற்பாடு. கயாக்கை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், இடுப்பு பிழைக்கும்.

அப்பாவின் இடுப்பு நேரானதும் போனோம். கொட்டகை வாசலில் எங்கள் கேனோ மண் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அதில் பூச்செடிகள். அப்பா உட்காரும் கடைசிப் பலகை இருந்த இடத்தில் ஏதோ ஊதாப் பூ. அப்பா மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தறாங்க" என்றார்.

அப்போது பஸ்ஸிலிருந்து கிளட்ச் இறங்கி வந்தான். லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தேன். அப்பாவைக் கண்டதும் கைகட்டி நின்று, "குட் மார்னிங் சார்" என்றான். அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"இவன் எங்க வந்தான்?"

"மூணு ஒத்தை, ஒரு ரெட்டை" என்றாள் அக்கா. "எண்ணிப் பாருங்கப்பா. அஞ்சு பேர் உட்காரலாம்."

அப்பா எண்ணினார். கணக்கில் தப்பில்லை. வெந்நீர்ப் பையின்மேல் கிடந்த தன் முனகலின் விலை அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சொன்ன வார்த்தையை மாற்றவும் முடியாது, விழுங்கவும் முடியாது. ஆகவே, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். தேர்வு வைத்தார்.

"ஏரி நடுவுல மரத்திட்டு இருக்குல்ல, அதை ஒரு சுத்து. ஒழுங்கா சுத்தி வந்தா உக்காந்து பேசுவோம். இல்லைன்னா இந்தப் பேச்சு இன்னியோட முடிஞ்சது. என்னம்மா?"

அக்கா கிளட்ச்சைப் பார்த்தாள். அவன் ஜாக்கெட்டின் கொக்கியைத் தப்பான ஓட்டையில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையை இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் ஏற்றுக்கொண்டிருக்காது. ஆனாலும் சரி என்றாள்.

இரட்டைப் படகில் தானும் அவனும் போவதாக அவள் கணக்குப் போட்டிருந்தாள். தேர்வு எழுதுபவன் பக்கத்தில் தேர்வு வைப்பவர் உட்காருவதுதான் முறை என்று அப்பா அதில் புகுந்துகொண்டார். கடைசி இருக்கையில் காலை வைக்கப்போனவரைக் கொட்டகை அம்மாள் தடுத்தாள்.

"வெயிட்டு ஜாஸ்தி இருக்கறவங்க பின்னாடி. நீங்க முன்னாடி வாங்கண்ணே."

கிளட்ச் கனமானவன். அப்பா முப்பது போர்களைக் கண்ட தளபதி மாதிரி அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பின்னால் இருப்பவர் காலடியில் இரண்டு மிதிகள் இருந்தன. இடதை மிதித்தால் வால்பக்கச் சுக்கான் அசைந்து படகு இடம் போகும். வலதை மிதித்தால் வலம். முன்னால் இருப்பவர் காலடியில் படகின் மூக்கு மட்டும்தான். பிரேக் இல்லாத வண்டியில், தன்னிடம் படித்துத் தோற்றவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக வெறும் பயணி ஆனார்.

கிளம்பினோம்.

இரட்டைப் படகு முதலில் ஒரு வட்டம் அடித்தது. பிறகு எதிர்ப் பக்கமாக ஒரு வட்டம். துடுப்போடு துடுப்பு மோதி, ஏரிக்கரை முழுக்கக் கோலாட்டம் நடக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் எதிரே இருந்த வெட்டவெளியைப் பார்த்து உத்தரவு போட்டார். கிளட்ச் ஒவ்வொரு உத்தரவுக்கும் "சார்" என்றான். அவன் துடுப்பிலிருந்து தண்ணீர் அப்பாவின் பிடரியில் சொட்டிக்கொண்டே இருந்தது. கேனோவில் அந்தப் பாக்கியத்தை இத்தனை வருஷம் அப்பாவின் துடுப்பிலிருந்து அனுபவித்தவள் அக்கா. அவள் தன் படகில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள், தோள் குலுங்கிற்று.

அம்மாவை மட்டும் காணோம். தேடினால், தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாக அவள் படகு. எறிந்த கல் மாதிரி போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இவ்வளவு நன்றாகத் துடுப்பு போட வரும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பின்னால் மூன்று பேரை இழுக்காமல் அவள் எங்கேயும் போனதே இல்லை.

திட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஏரி குறுகி ஒரு கால்வாய் மாதிரி ஆகும். முதலில் அம்மா போனாள். அவளுக்குப் பின்னால் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால், சத்தத்தை வைத்துச் சொல்வதானால், இரட்டைப் படகு. இடப்பக்கம் திட்டை ஒட்டித் தண்ணீர் கறுத்து ஆழமாக இருந்தது. வலப்பக்கம் வெயிலில் பளபளவென்று அகலமாக, வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அந்தப் பளபளப்புக்கு அடியில் விரற்கடைத் தண்ணீரும், அதற்கு அடியில் ஆளை விழுங்கும் சேறும்தான் என்பது கிட்டத்தில் போய்ப் பார்த்த அம்மாவுக்கு மட்டுமே தெரிந்தது.

கேனோவாக இருந்திருந்தால் அவள் முன்னால் பார்த்தபடியே குரல் கொடுத்திருப்பாள். இது கயாக். இரண்டு தள்ளலில் படகை அப்படியே திருப்பி எங்களுக்கு நேராக நின்றாள். தண்ணீரில் வைத்து அம்மாவின் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

"இடம்!" என்றாள். "எல்லாரும் இடம்!"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. தாய்மொழியில் யோசிக்க வேண்டியதே கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திருப்பி, ஒரே வேகத்தில் பளபளப்புக்குள் புகுந்தோம். 'சளக்' என்று ஏரி எங்களை வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் வெளியே குதித்துத் தள்ளப் பார்த்தோம். முழங்கால் வரை உள்ளே போனது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பதை அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "வலம்! வலது மிதி! டேய், வலம்!" அவர் துடுப்பால் படகை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கிளட்ச் ஒரு நொடி பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்புறம் இடது காலால் மிதித்தான். கிளட்ச்சை மிதிக்கும் கால் அல்லவா, மிதித்ததை எடுக்கவே இல்லை. அப்பா வலமும் சுக்கான் இடமுமாக இழுக்க, படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, சேற்றின் விளிம்பை உரசிக்கொண்டு, திட்டோரக் கறுப்புத் தண்ணீருக்குள் போய் நின்றது. படகில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அப்பா எங்களைப் பார்க்கவில்லை. சேற்றில் பிள்ளைகள் இருப்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் வெட்டவெளியைப் பார்த்து.

"வலம்னு சொன்னீங்க சார்."

"நீ எங்க போனே?"

"இடம் போனேன் சார்." அவன் குரல் தேய்ந்தது. "அவங்க இடம்னு சொன்னாங்க. அதான் மிதிச்சுட்டேன்."

"முடிஞ்சது. கரைக்குத் திருப்பு." அப்பா துடுப்பை மடிமேல் வைத்தார். எந்தத் தேர்விலும் சொன்னதை மீறினால் அதோடு தோல்விதான். அக்கா சேற்றில் அசையாமல் நின்றாள். அவள் உதடு பிதுங்கியது; சின்ன வயதில் கேனோவில் இடம் பிடிக்க என்னோடு சண்டை போட்டுத் தோற்றால் அப்படித்தான் பிதுங்கும்.

கிளட்ச் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். அப்பாவித்தனமாக, "இடம்னா இடம்தானே சார்?" என்றான்.

"அவ இடம்னா வலம்டா!" என்று அப்பா வெடித்தார். "எங்க வீட்ல யாரை வேணும்னாலும் கேளு!"

அம்மா மெதுவாகத் துடுப்புப் போட்டுக் கிட்டே வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

அப்பா படகின் மூக்கை ஆராய்ந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். முழங்கால் வரை சேற்றில் நிற்கிறவனால் ஓட முடியாது. சொன்னேன். அலமாரி, உப்பு, படகு, பல் டாக்டர் எல்லாவற்றையும். இவ்வளவு காலமும் அவள் சொன்னதை நாங்கள் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம் என்பதை, நாங்கள் செய்த பெரிய தியாகம் மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"போன வாரம் உன் நீலச் சட்டை இடது அலமாரில இருக்குன்னேனே?"

"வலதுல எடுத்துக்கிட்டேம்மா."

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அப்பாவும் அதற்குள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் அம்மாவின் இடம் எங்களுக்கு வலம். எதிரே திரும்பி நின்று சொன்னால், நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சொல்கிற மாதிரி, அவள் சொல்லும் இடம் எங்கள் இடமேதான். அம்மா சொன்னது சரி. கிளட்ச் போனதும் சரி. கணக்கு இம்மி பிசகாமல் வந்தது. அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"பையன் நல்லவன்னு உங்ககிட்ட சொன்னேன்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "அதையும் திருப்பித்தான் எடுத்துக்கிட்டீங்களா?"

அப்பாவின் பிடரியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் சொன்னதை, சொன்னபடி செஞ்ச ஆளு இவ்வளவு வருஷத்துல இவன் ஒருத்தன்தான். இவனைக் கரைக்கு அனுப்பறீங்க."

கிளட்ச் பதறிப்போய், தனக்கு இடம் வலமே கொஞ்சம் தகராறு என்றும், யார் சொன்னாலும் மிதித்திருப்பேன் என்றும் ஆரம்பித்தான். நல்ல வேளையாக அக்கா குறுக்கே புகுந்தாள். முழங்கால் வரை சேறு, ஆனால் வாய் ஆபீசுக்குத் திரும்பியிருந்தது.

"ஒழுங்கா சுத்தி வரணும்னு சொன்னீங்கப்பா. சேத்துல மாட்டாம வர்றதுதான் ஒழுங்கு. இங்க சேத்துல நிக்கறது உங்க பொண்ணும் பையனும்தான். அவர் இல்லை."

அப்பா அவளைப் பார்த்தார். கேனோவில் வருஷக்கணக்கில் பின்னந்தலையாகப் பார்த்தவளை இப்போது நேருக்கு நேர். கன்னத்தில் சேறு, கண் கலங்கியும் கலங்காமலும் இருந்தது. மாசக் கடைசியில் இவள் ஒரு பையோடு வாசலைத் தாண்டிப் போவாள். திரும்பி வரும்போது உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்காருவாள். இதை அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கால் மட்டும் படகின் மூக்கில் எதையோ தேடி அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே?"

அம்மாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்பா வாயை மூடிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மா அவசரப்படவில்லை. கொஞ்சம் இருக்கட்டுமே என்று நினைத்திருக்கலாம்.

"சரிங்கறேன்" என்றாள். அப்புறம், ஜாக்கிரதைக்காக, "சரின்னா சரி. திருப்பாதீங்க."

அப்பா துடுப்பைத் தண்ணீரில் வைத்தார். கிளட்ச்சும் வைத்தான். இரண்டும் மோதிக்கொண்டன. எங்களைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட அரைமணி நேரம் ஆனது. அதில் என் ஒரு செருப்பை ஏரி வைத்துக்கொண்டது. மிச்சச் சுற்றை அம்மா முன்னால் போக, நாங்கள் வால்பிடித்துப் போக, முடித்தோம். வழியில் அவள் ஏதாவது சொல்லும்போதெல்லாம், நம்பலாமா, திருப்பலாமா என்று மூன்று பேரும் தடுமாறி ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டோம். கிளட்ச் மட்டும் சொன்னதைச் சொன்னபடி மிதித்தான். சமயத்தில் தப்பாகவும் மிதித்தான். ஆனால் நம்பிக்கையோடு மிதித்தான்.

கரையில் முதலில் இறங்கியவன் அவன்தான். முழங்கால் தண்ணீரில் நின்று இரட்டைப் படகை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். கயாக்கிலிருந்து இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி. துளைக்குள்ளிருந்து காலை உருவி, உட்காராமலும் நிற்காமலும் ஒரு கட்டத்தில் தொங்க வேண்டும். அப்பா அந்தக் கட்டத்துக்கு வந்தபோது படகு ஆடியது. ஒரு கையைக் காற்றில் நீட்டினார்.

"நல்லா பிடிங்க மாப்பிள்ளை. ஆடுது."

ஏதோ தொண்டையைச் செருமுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் பக்கத்துப் படகில் அக்காவின் துடுப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மா துடுப்பைக் கரையில் சாய்த்துவிட்டு, எங்களுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளட்ச்சை அந்த வார்த்தையால் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. சார் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து, யார் வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். மரியாதைக்காகப் படகை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அப்பா விழுந்த சத்தத்துக்குக் கொட்டகை அம்மாள் வெளியே ஓடிவந்தாள். முழங்கால் தண்ணீர்தான். ஆனால் அவர் முழுதாக விழுந்தார். மேலே வந்தபோது தலையில் ஒரு பாசிக்கொடி இருந்தது. அதை எடுத்து எறிந்தார். வாயிலிருந்த ஏரியைத் துப்பினார். எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

கொடுத்த சொல்லை அவர் திரும்ப வாங்கவில்லை. மரியாதையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"டேய் மாப்பிள்ளை," என்றார், "தூக்குடா."